கணினி அடிக்கடி உறைந்து நிற்கிறதா? விண்டோஸைக் குறை சொல்வதற்கு முன் வன்தட்டைப் பாருங்கள்

ரமழானுக்கு இரண்டு வாரங்கள் இருக்கும்போது எமது மஹல்லாப் பள்ளிவாசல் காரியாலயத்தில் உள்ள கணினி மக்கர் பண்ணத் தொடங்கியது. பொருளாளர் ஸகாத் பெறுவோரின் பட்டியலைத் திறப்பார். சில விநாடிகளில் திரை அப்படியே உறைந்து நிற்கும். மவுஸ் அசையாது. பிறகு நீலத்திரை தோன்றும், கணினி தானாகவே மீண்டும் ஆரம்பிக்கும். அன்று முழுவதும் ஒழுங்காக வேலை செய்துவிட்டு மறுநாள் மீண்டும் அதே கதை.

கடைக்குக் கொண்டுபோனோம். "விண்டோஸ் பழுது, புதிதாக அடித்துத் தருகிறேன்" என்றார்கள். அடித்துத் தந்தார்கள். கோப்புகள் 'டி' பகுதியில் இருந்ததால் தப்பின. மூன்று வாரம் கணினி புதிதுபோல ஓடியது. பிறகு மீண்டும் உறைந்தது. இம்முறை ரெம் மாற்றப்பட்டது. அதுவும் சில நாட்களுக்குத்தான். ஒருநாள் காலையில் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி மட்டும் வந்தது. ஆரம்பிப்பதற்கு எந்தத் தட்டும் இல்லை என்பதே அதன் பொருள்.

எட்டு வருட சந்தாக் கணக்கும், ஜனாஸாப் பதிவுகளும், ஸகாத் பட்டியலும் அதற்குள்தான் இருந்தன. கையில் மிஞ்சியது இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்த பிரதி மட்டுமே. மீதியைப் பற்றுச்சீட்டுப் புத்தகங்களையும் வட்ஸ்அப் செய்திகளையும் வைத்துத் தட்டுத்தடுமாறித் திரும்ப எழுதினோம். அந்த இரண்டு வருடத்துக்குள் புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்த இரண்டு வீடுகள் விடுபட்டுப் போயின. பெருநாள் முடிந்து ஒரு தாய் வந்து, "இந்த முறை எங்களுக்கு இல்லையா?" என்று கேட்ட பிறகுதான் அது எமக்குத் தெரிந்தது.

அந்தக் கணினி பல வாரங்களாக எமக்கு எச்சரிக்கை தந்துகொண்டே இருந்தது. அதை வாசிக்கத்தான் எமக்குத் தெரியவில்லை. பள்ளிவாசல், பாடசாலை, மத்ரஸா, கடை, வீடு என்று எல்லா இடங்களிலும் இது நடக்கிறது. அதனால் அந்த எச்சரிக்கையை எப்படி வாசிப்பது என்பதை இங்கு விளக்கமாக எழுதுகிறேன். இதற்குப் பொறியியல் படிப்பு தேவையில்லை.

தட்டில் ஒரு புள்ளி கெட்டால் கணினியே ஏன் விழுகிறது?

வன்தட்டை, அதாவது நாம் ஹார்ட் டிஸ்க் என்று சொல்வதை, பலரும் ஓர் அலுமாரியைப் போல நினைக்கிறார்கள். அலுமாரியின் ஒரு தட்டு உடைந்தால் அதில் இருந்த கோப்பு கெடும், மற்றவை அப்படியே இருக்கும் என்பது அவர்களது கணக்கு. கணினிக்குள் நடப்பது அப்படியல்ல. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் தட்டிலிருந்து எதையாவது வாசித்துக்கொண்டே இருக்கிறது. ரெம் போதாதபோது, அதில் உள்ளவற்றில் ஒரு பகுதியைத் தட்டில் தற்காலிகமாக எழுதிவைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. அப்படித் திரும்ப எடுக்கப் போகும் இடம் வாசிக்க முடியாததாக இருந்து, அது இயங்குதளத்தின் உயிர்நாடியான பகுதியாகவும் இருந்துவிட்டால், விண்டோஸுக்குத் தொடர வழியில்லை. நின்றுவிடுகிறது. நாம் காணும் நீலத்திரை அதுதான்.

உறைந்து நிற்பதற்குக் காரணம் வேறு. சாதாரண வன்தட்டுக்குள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலும் வட்டத் தகடுகள் உண்டு. வாசிக்கும் தலை அந்தத் தகட்டைத் தொடாமல், ஒரு தலைமுடியின் தடிப்பை விடப் பல்லாயிரம் மடங்கு குறைவான உயரத்தில் மிதக்கிறது. தகட்டில் உள்ள தகவல் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கட்டம் பலவீனமடைந்தால் தட்டு உடனே கைவிடுவதில்லை. மீண்டும் மீண்டும் வாசிக்க முயல்கிறது. இந்த முயற்சி பல விநாடிகள் நீடிக்கும். அதுவரை கணினி காத்திருக்கிறது. நாம் "ஹேங் ஆகிவிட்டது" என்கிறோம்.

வாசிக்க முடியாத கட்டத்தைத் தட்டு 'சந்தேகத்துக்குரியது' என்று குறித்து வைக்கிறது. அந்த இடத்தில் அடுத்த முறை புதிதாக எதையாவது எழுதும்போது அது தேறாவிட்டால், பழுதான கட்டத்தை ஒதுக்கிவிட்டுத் தன்னிடம் சேமிப்பில் உள்ள உதிரிக் கட்டம் ஒன்றை அதற்குப் பதிலாகப் பாவிக்கிறது. எமது கணினி விண்டோஸ் அடித்த பிறகு மூன்று வாரம் ஏன் நன்றாக ஓடியது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. புதிய விண்டோஸ் எழுதப்பட்டபோது கெட்ட கட்டங்கள் ஒதுக்கப்பட்டு, நல்ல கட்டங்களில் கோப்புகள் உட்கார்ந்தன. நோய் அப்படியே இருக்க, காய்ச்சல் மட்டும் இறங்கியது. விண்டோஸை மாற்றிச் சில நாட்களில் அதே பிரச்சினை திரும்ப வந்தால், அதையே தட்டுப் பழுதின் ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம்.

எது தட்டின் குறை, எது வேறு?

கணினி நின்றுபோவதற்கு வன்தட்டு மட்டும்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ரெம், சூடு, பவர் சப்ளை, மதர்போர்ட், ட்ரைவர் மென்பொருள் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் விட்டுச்செல்லும் தடயம் வேறு.

தட்டு பழுதாகும்போது பெரும்பாலும் மெதுவாகி, உறைந்து, பிறகுதான் விழும். குறிப்பிட்ட ஒரு கோப்பைத் திறக்கும்போது அல்லது பிரதி எடுக்கும்போது அதே இடத்தில் ஒவ்வொரு முறையும் நிற்கும். டாஸ்க் மெனேஜரைத் திறந்து பார்த்தால் தட்டின் பாவனை 100 வீதம் என்று காட்டும், ஆனால் வாசிக்கும் வேகம் மிகக் குறைவாக இருக்கும். கணினி ஆரம்பிக்கப் பத்து நிமிடம் எடுக்கும். நேற்றிருந்த கோப்பு இன்று திறக்காது. 'டிக், டிக்' என்று சீரான தட்டும் ஓசை அல்லது உரசும் சத்தம் கேட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

ரெம் பழுதானால் விழுவதில் ஒழுங்கு இருக்காது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நீலத்திரைக் குறிப்பு வரும். உறைந்து நிற்காமல் திடீரென விழும். சூடு காரணமென்றால் கடுமையான வேலையின்போது, விசிறி இரைந்த பிறகு நின்றுபோகும், ஆறிய பின் சரியாகும். பவர் சப்ளை காரணமென்றால் நீலத்திரை கூட வராது. விளக்கை அணைத்ததுபோலச் சட்டென்று அணையும்.

நீலத்திரையில் வரும் ஆங்கிலக் குறிப்பைக் கைப்பேசியால் படம் பிடித்துக்கொள்ளுங்கள். 'கேர்னல் டேட்டா இன்பேஜ் எரர்' என்று வந்தால், தட்டிலிருந்து நினைவகத்துக்கு எடுக்கவேண்டிய ஒன்றை எடுக்க முடியவில்லை என்று பொருள். முதல் சந்தேகம் தட்டின் மீதுதான். 'இன்அக்ஸஸபிள் பூட் டிவைஸ்', 'அன்எக்ஸ்பெக்டட் ஸ்டோர் எக்ஸெப்ஷன்', 'என்டிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டம்' ஆகியனவும் தட்டுப் பக்கம் கைகாட்டுபவை. 'கிரிட்டிக்கல் ப்ரோசஸ் டைட்' பல காரணங்களால் வரலாம், தட்டும் அதில் ஒன்று. இந்தக் குறிப்புகளை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவை ஒரு சாட்சி மட்டுமே, இன்னும் இரண்டு சாட்சிகள் வேண்டும்.

பரிசோதிக்க முன் பிரதி

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் தவறு செய்கிறோம். பழுதைக் கண்டுபிடிக்கும் ஆர்வத்தில் தட்டை மேலும் உழைக்க வைக்கிறோம். தட்டின் மேல் சந்தேகம் வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, திரும்பப் பெற முடியாத கோப்புகளை வேறொரு தட்டுக்குப் பிரதி எடுப்பது. பரிசோதனை அதற்குப் பிறகுதான்.

எடுக்கும் வரிசையும் முக்கியம். கணக்குகள், பட்டியல்கள், கடிதங்கள், உறுதிப்பத்திரங்களின் ஸ்கேன் பிரதிகள் முதலில். இவை சிறியவை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். அடுத்து குடும்பப் படங்கள். திரைப்படங்களும் மென்பொருள்களும் திரும்பக் கிடைக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். ஒரு கோப்பில் நின்றுவிட்டால் அதோடு மல்லுக்கட்டாமல் அடுத்ததுக்குப் போங்கள்.

'செக் டிஸ்க்' என்ற விண்டோஸின் சோதனையைப் பிரதி எடுக்கும் முன் ஓடவிட வேண்டாம். அது தட்டை மேலும் உழைக்க வைக்கிறது, கோப்பு அமைப்பைச் சரிசெய்யும் பெயரில் சிதைந்த கோப்புகளை வெட்டிவிடவும் கூடும். சாகும் நிலையில் உள்ள தட்டுக்கு அந்த உழைப்பே கடைசி உழைப்பாகலாம். தட்டும் ஓசை கேட்கிறது என்றால் இன்னும் ஒரு படி மேலே போய் உடனே அணைத்துவிடுங்கள். அதற்குள் இருப்பது பெறுமதியானதென்றால், தரவு மீட்பில் அனுபவமுள்ளவரிடம் மட்டுமே கொடுங்கள். தட்டைத் திறந்து பார்ப்பதும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுப்பதும் இருந்ததையும் கெடுக்கும்.

மூன்று சாட்சிகள்

பிரதி எடுத்தாயிற்று என்றால் இனி அமைதியாக விசாரிக்கலாம்.

முதலாவது, தட்டு தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்திருக்கும் அறிக்கை. இதற்கு ஸ்மார்ட் என்று பெயர். 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் அதை வாசித்துக் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் அவதானம், சிவப்பு என்றால் ஆபத்து. நிறத்தோடு நிற்காமல் மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட கட்டங்களின் எண்ணிக்கை. சி5 என்பது சந்தேகத்துக்குரியதாகக் காத்திருக்கும் கட்டங்கள். சி6 என்பது திருத்த முடியாதவை. மூன்றும் பூச்சியமாக இருக்க வேண்டும். சி5 பூச்சியம் இல்லையென்றால் உறைந்து நிற்பதற்கான விடை அனேகமாக உங்கள் கண்முன்னே இருக்கிறது. இந்த மென்பொருள் எண்களைப் பதினாறின் அடிப்படையில் காட்டும் என்பதால் 10 என்று தெரிவது 16 ஆகும், அமைப்பில் போய்ச் சாதாரண எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம். 01, 07 ஆகிய வரிகளில் சில நிறுவனத் தட்டுகள் பிரமாண்டமான எண்களைக் காட்டும். அவை வேறு விதமாகக் கணக்கிடப்படுபவை, பயப்பட வேண்டாம்.

சி7 என்ற வரி மட்டும் ஏறிக்கொண்டே போனால் குறை தட்டில் இல்லை, அதை மதர்போர்டோடு இணைக்கும் கேபிளில் இருக்கலாம். சில நூறு ரூபாக் கேபிளை மாற்றிப் பார்க்காமல் தட்டைத் தூக்கியெறிய வேண்டாம்.

இரண்டாவது சாட்சி, விண்டோஸின் நாட்குறிப்பு. 'ஈவண்ட் வியூவர்' என்று தேடித் திறந்து, அதில் 'சிஸ்டம்' பகுதிக்குப் போங்கள். 'டிஸ்க்' என்ற பெயரில் 7 ஆம் இலக்கக் குறிப்பு இருந்தால் தட்டில் கெட்ட கட்டம் உள்ளது. 51 உம் 153 உம் வாசிப்பதில் தடங்கல் அல்லது மறுமுயற்சி. 129 என்பது தட்டு பதில் தராததால் அதன் இணைப்பை மீள ஆரம்பித்த குறிப்பு. 'கேர்னல் பவர் 41' என்பதைப் பார்த்துப் பலர் மின்சாரத்தைக் குறை சொல்கிறார்கள். கணினி ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. இதில் இன்னொன்றும் உண்டு. இந்த நாட்குறிப்பு எழுதப்படுவதும் அதே தட்டில்தான். தட்டு முழுதாகக் காணாமற்போகும் வேளையில் எழுத இடமே இருக்காது. ஆகவே கணினி விழுந்த நேரத்தில் எந்தக் குறிப்பும் இல்லை என்பதை வைத்துத் தட்டு நிரபராதி என்று விட்டுவிட முடியாது.

மூன்றாவது சாட்சிதான் மிக வலுவானது. தட்டைக் கழற்றி வைத்துவிட்டு, உபுண்டு போன்ற இலவச இயங்குதளம் ஒன்றைப் பென் டிரைவிலிருந்து ஓடவிட்டு, இரண்டு மூன்று மணித்தியாலம் கணினியைப் பாவித்துப் பாருங்கள். ஒரு தடவையும் உறையவில்லை என்றால் ரெம், சூடு, மதர்போர்ட் ஆகியவற்றின் மீதான சந்தேகம் பெருமளவு விலகுகிறது. தட்டு இல்லாமலும் விழுகிறது என்றால் குற்றவாளி வேறு, 'மெம்டெஸ்ட்86' போன்ற ஒன்றால் ரெமைச் சோதியுங்கள். எமது பள்ளிவாசல் கணினிக்கு இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் ரெமுக்குச் செலவழித்த பணம் புதிய தட்டொன்றுக்குப் போயிருக்கும்.

எச்சரிக்கை வந்தால் நம்புங்கள், வராவிட்டால் நம்பாதீர்கள்

2007 இல் கூகுள் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் தமது நிலையங்களில் ஓடிய ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். தட்டு தன்னைத்தானே சோதிக்கும்போது முதலாவது பிழை கண்ட தட்டுகள், பிழையற்ற தட்டுகளை விட அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று அவர்கள் கண்டார்கள். அதே ஆய்வில் இன்னொரு முடிவும் வந்தது. செயலிழந்த தட்டுகளில் 36 வீதத்துக்கும் அதிகமானவை, வெப்பநிலையைத் தவிர்த்துப் பார்த்தால், ஸ்மார்ட் அறிக்கையில் எந்த அறிகுறியையும் காட்டாமலே போய்விட்டன.

ஆகவே மஞ்சள் வந்தால் தட்டை மாற்றுவதற்குத் தாமதிக்கக் கூடாது. நீலம் வந்தால் நிம்மதியாகத் தூங்கவும் கூடாது.

எஸ்.எஸ்.டி. பாவிப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். அதில் சுழலும் தகடு இல்லை, சத்தம் இல்லை, கீழே விழுந்தாலும் தாங்கும். வேகமானது, வாங்கத்தான் வேண்டும். ஆனால் அது பழுதாகும்போது முனகுவதில்லை. நேற்று வரை ஓடியது இன்று தட்டாகவே தெரியாது. சில எஸ்.எஸ்.டி.கள் வாசிக்க மட்டும் விட்டு, எழுத மறுத்துவிடும். அது ஒரு கருணைக் காலம், உடனே பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். 2019 நவம்பரில் ஹியூலெட் பெக்கார்ட் என்டர்பிரைஸ் நிறுவனம் ஓர் அவசர அறிவித்தல் விடுத்தது. தமது சேர்வர்களில் பாவிக்கப்பட்ட சில எஸ்.எஸ்.டி.கள், உள் மென்பொருளைப் புதுப்பிக்காவிட்டால் 32,768 மணித்தியாலங்கள் ஓடி முடிந்ததும் செயலிழந்துவிடும், உள்ளிருப்பதையும் மீட்க முடியாது என்பதே அது. கணக்குப் பார்த்தால் 3 வருடம், 270 நாள், 8 மணித்தியாலம். ஒரே நாளில் பொருத்தப்பட்ட இரண்டு தட்டுகள் ஒன்றுக்கொன்று பிரதியாக இருந்தாலும் ஒரே நாளில் போயிருக்கும்.

எமது நாட்டில் இதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் சேர்கின்றன. ஒன்று மின்சாரம். 2022 இல் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவது கோப்பு அமைப்பையும், சில வேளைகளில் எஸ்.எஸ்.டி.யையும் சிதைக்கும். மேசைக் கணினிக்கு ஒரு யூ.பீ.எஸ். இருப்பது ஆடம்பரமல்ல. மற்றது பாவித்த கணினிகள். பாடசாலைகளும் மத்ரஸாக்களும் பள்ளிவாசல்களும் பெரும்பாலும் பாவித்தவற்றை வாங்குகின்றன அல்லது அன்பளிப்பாகப் பெறுகின்றன. கிடைத்தவுடன் அதே ஸ்மார்ட் அறிக்கையில் தட்டு எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு வருடத்துக்கு 8,760 மணித்தியாலம். 'புதிதுபோல இருக்கிறது' என்று தரப்பட்ட தட்டு 20,000 என்று காட்டினால், அது இரவு பகலாக இரண்டு வருடத்துக்கும் மேல் உழைத்த தட்டு.

இது அமானிதம்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கவும் சாட்சிகளை வைக்கவும் வழிகாட்டும் வசனமே அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பது எமக்குத் தெரியும். எழுதிவைக்கும் விடயத்தில் இவ்வளவு அக்கறை கற்றுத்தந்த மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், எழுதியதைப் பாதுகாப்பதில் ஏன் அலட்சியமாக இருக்கிறோம்? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களையும், 2004 டிசம்பரில் கடல் வந்துபோன கிழக்கின் கரையோரக் கிராமங்களையும் கேட்டுப் பாருங்கள். ஒரு காணி உறுதி, ஒரு பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் எத்தனை வருடம் அலைந்தார்கள் என்று சொல்வார்கள். அவர்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. எமக்கு ஒரு வெளித்தட்டும் அரை மணி நேரமும் போதும்.

வழி இலகுவானது. முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள் இருக்கட்டும். ஒன்று கணினியில், ஒன்று வெளித்தட்டில், ஒன்று வேறொரு கட்டடத்தில் அல்லது இணையச் சேமிப்பில். வெளித்தட்டைப் பிரதி எடுத்தவுடன் கழற்றி வையுங்கள், எப்போதும் கணினியோடு கிடந்தால் அதுவும் சேர்ந்தே போகும். மாதத்தில் ஒரு ஜும்ஆ நாளை இதற்கென நிர்ணயித்து, நிர்வாக சபைக் கூட்டக் குறிப்பில் செயலாளர் "பிரதி எடுக்கப்பட்டது" என்று எழுதட்டும். இடைக்கிடை அந்தப் பிரதியைத் திறந்தும் பாருங்கள். திறக்காத பிரதி பிரதியல்ல.

பழைய தட்டைக் கடையில் விட்டுவிட்டு வரவும் வேண்டாம். தட்டு இறந்துவிட்டது என்று நாம் நினைத்தாலும், உள்ளிருப்பதை வேறொருவர் எடுக்கக்கூடும். வீட்டுப் பெண்களின் படங்கள், ஸகாத் பெறுவோரின் பெயர்கள், யாருக்கு யார் கடன் என்ற கணக்கு எல்லாம் அதில் இருக்கலாம். கையோடு கொண்டுவந்து, தேவை முடிந்ததும் உடைத்துவிடுங்கள்.

அந்தத் தாய்க்கு எமது நிர்வாக சபை பிறகு சேர வேண்டியதைச் சேர்த்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பள்ளிவாசல் வாசலில் வந்து நின்று கேட்க வேண்டிய நிலைக்கு அவரை நாம் கொண்டுவந்தோமே, அதைத் திருப்பி எடுக்க முடியாது. உங்கள் கணினி இந்த வாரம் ஒரு தடவையாவது காரணமின்றி உறைந்து நின்றிருந்தால், இதை வாசித்து முடித்த கையோடு எழுந்துபோய் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். காரணத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.